முடக்கில் சாயாத மூன்று சில்லு

கலிடன் மலைப்பக்கம், பெல்ஃபவுன்டன் கிராமத்துக்குக் கிட்ட ஃபோர்க்ஸ் ஒஃப் த கிரெடிட் என்றொரு வீதி. அதில் ஒரு கொண்டையூசி முடக்கு. ரொறொன்ரோவில் மோட்டார் சைக்கிள் வைத்திருக்கிற யாரைக் கேட்டாலும் ஒரு தரமாவது அதில் திரும்பியிருப்பார்கள். மூன்று கோடைக்கு முன் எனக்கு அந்த முடக்கைக் கண்ணில் காட்டக்கூடாது. இந்த வருடம் மே மாதத்து ஞாயிறு ஒன்றில் அதே முடக்கை ஏழு தரம் எடுத்தேன். ஏழாம் தரம் வரும்போது கரையில் நின்று படம் பிடித்துக்கொண்டிருந்த வெள்ளைக்காரக் கிழவர் ஒருவர், இன்னும் உனக்கு அலுக்கவில்லையா என்பதுபோல இரண்டு கையையும் விரித்தார். அலுக்கவில்லை ஐயா. எப்படி அலுக்கும்!

இத்தனைக்கும் வண்டி அதேதான். எஞ்சினில் கை வைக்கவில்லை. மாறினது முன்பக்கத்தில் ஒரு இரும்புக் கம்பி, இரண்டு ஷொக், பிறகு மில்லிமீற்றர்க் கணக்கில் சில்லுகளின் முகம். இவ்வளவுதான். இவ்வளவுக்கு ஒரு மனிதன் நாற்பத்தேழு வயதில் ஹெல்மெட்டுக்குள் தனியாகக் கூக்குரல் போடுவானா என்று கேட்டால், போடுவான். நான் போட்டேன்.

என்னிடம் இருப்பது கான்-ஆம் ஸ்பைடர் எஃப்3, 2016ஆம் ஆண்டு வண்டி. ஒருவர் பாவித்ததை வாங்கினேன். முன்னுக்கு இரண்டு சில்லு, பின்னுக்கு ஒன்று. எஞ்சின் பின்சில்லை மட்டும் இழுக்கும். 1330 சி.சி. ரொட்டாக்ஸ், மூன்று சிலிண்டர், 115 குதிரைவலு. பெற்றோலும் எண்ணெயும் ஊற்ற முன்னமே 386 கிலோ. கையில் பிரேக் இல்லை. வலது காலால் மிதித்தால் மூன்று சில்லும் சேர்ந்து பிடிக்கும். ரிவேர்ஸ் கியர்கூட உண்டு. கடைத் தரிப்பிடத்தில் அதைப் பின்னுக்கு எடுக்கும்போது பார்க்கிற சனத்தின் முகத்தைப் பார்க்கவே ஒரு தரம் மிளகாய்த்தூள் வாங்கப் போகலாம்.

இது பிறந்த இடம் கியூபெக் மாகாணத்தில் வால்கூர் என்ற சின்ன ஊர். பனியில் ஓடுகிற வண்டிக்குப் பேர்போன ஜோசப்-ஆர்மான் பொம்பார்டியேயின் ஊர் அது. 1959இல் ஸ்கி-டூ அங்கேதான் வந்தது. அவர் தொடங்கிய தொழிலின் வழிவந்த பி.ஆர்.பி. நிறுவனம் 2007இல் ஸ்பைடரை வெளியே விட்டது. ஸ்பைடரை நேர் முன்னால் நின்று ஒருக்கால் பாருங்கள். ஸ்கி-டூவின் இரண்டு சறுக்குப் பலகையையும் கழற்றி இரண்டு சில்லைப் பூட்டி, பின்னால் உள்ள பட்டிக்குப் பதில் ஒரு தடித்த சில்லைப் போட்டால் என்ன வருமோ அதுதான். பனிவண்டிக்காரன் கோடையில் சும்மா இருக்க முடியாமல் செய்த வேலை என்று நான் பகிடியாகச் சொல்வதுண்டு.

மூன்று சில்லு வண்டி எல்லாம் ஒரே சாதி இல்லை. பியாஜியோவின் எம்பி3, யமஹாவின் நைக்கன் இரண்டுக்கும்கூட முன்னால் இரண்டு சில்லுதான். ஆனால் அவை சாயும். நைக்கன் 45 பாகை வரைக்கும் சாயும்; ஓடுகிறவனுக்கு அது சாதாரண மோட்டார் சைக்கிள் போலத்தான். ஸ்பைடர் சாயாது. முன்பக்கம் காரைப்போல, மேலும் கீழுமாய் இரண்டிரண்டு கைகள், ஒவ்வொரு பக்கமும் ஒரு ஷொக், இரண்டு பக்கத்தையும் இணைத்து ஒரு ஸ்வே பார். கைப்பிடியை எந்தப் பக்கம் திருப்புகிறோமோ அந்தப் பக்கம் போகும், உழவு மெசின் மாதிரி.

ஊரில் எம்.டி. 90 மோட்டார் சைக்கிள் ஓடிப் பழகின உடம்பு இது. முடக்கு வந்தால் தானாகச் சரியும். ஸ்பைடரில் நான் உள்ளே சரிய, வண்டி வெளியே சரிந்தது. வாங்கின முதல் கிழமை 401 நெடுஞ்சாலையிலிருந்து இறங்கும் ஒரு வட்டப் பாதையில் இடப்பக்க முன்தோள் அமிழ்ந்து, வலப்பக்கம் கிளம்பி, நான் இருக்கையிலிருந்து வழுக்கிக் கைப்பிடியில் தொங்கினேன். தொங்கினால் என்ன நடக்கும்? கைப்பிடி இன்னும் இழுபடும். அது இழுபட வண்டி நெளியும். அந்த நெளிவைப் பார்த்து வண்டிக்குள் இருக்கும் பொஷ் கம்பனியின் நிலைகாப்பு மூளை பயந்துபோய் எஞ்சினின் வலுவைக் குறைத்து ஒரு பக்கத்துப் பிரேக்கையும் தட்டும். ஸ்பைடர்க்காரர்கள் அதற்கு வைத்திருக்கும் பட்டப்பெயர் 'ஆயா'. நல்ல பொருத்தமான பெயர். பிள்ளை விளையாடத் தொடங்குகிற நேரம் பார்த்து வந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவாள்.

அன்று பின்னால் இருந்த என் மனைவி வீடு வந்து இறங்கி ஹெல்மெட்டைக் கழற்றி என் கையில் தந்து, "இனி நான் பஸ்ஸிலை வாறன்" என்றாள்.

பிழை எங்கே என்று தேடாமல் கையில் அகப்பட்டதைச் செய்தேன். முன் ஷொக்குகளின் ஸ்பிரிங்கை இன்னும் அமுக்கி வைத்தால் விறைப்பாகிவிடும் என்று நினைத்து, அதற்கென்று விற்கிற வளையங்களை வாங்கிப் போட்டேன். பிரீலோட் கூட்டுவது என்பார்கள். போட்டு ஓடினால் முன்னரைவிட மோசம்! இப்போது எனக்குத் தெரியும்: பிரீலோட் ஸ்பிரிங்கை விறைப்பாக்காது. அது வண்டி நிற்கிற உயரத்தைத்தான் மாற்றும். நான் செய்தது, வண்டியின் மூக்கைத் தூக்கி, பாரத்தின் மையத்தையும் தூக்கிவிட்டது. உயரமாக நிற்கிறது எதுவும் முடக்கில் கூடச் சரியும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் விளங்கும். எனக்கு விளங்க ஒரு மாதம் எடுத்தது.

எங்கள் தெருவில் ஒரு அண்ணை இருக்கிறார். ஊரில் கோண்டாவில் பஸ் டிப்போவில் வேலை செய்தவர். லேலன்ட் பஸ்களுக்கு வில்லு மாற்றின கை. இங்கே வந்து இருபது வருடம் தொழிற்சாலையில் நின்று ஓய்வெடுத்துவிட்டார். அவருக்கு என் வண்டியைக் கண்டால் சிரிப்பு. "ஓட்டோவைத் திருப்பிப் பூட்டி வைச்சிருக்கிறீர்" என்பார். பகிடியாகச் சொன்னாலும் அதில் முழு விஞ்ஞானமும் இருக்கிறது. ஓட்டோவுக்கு முன்னால் ஒற்றைச் சில்லு. முடக்கில் பிரேக்கைப் பிடித்தால் பாரம் முன்னுக்கு, அதுவும் வெளிப்பக்கமாய் ஓடும்; அந்த மூலையிலே தாங்கச் சில்லு இல்லை. அதனால்தான் குடைசாய்கிறது. ஸ்பைடரில் பிரேக் பிடித்தால் பாரம் போய் விழுகிற இடத்திலே ஒரு சில்லு அகலக் கால் ஊன்றி நிற்கிறது. எஃப்3யின் மொத்த அகலம் ஏறக்குறைய ஒன்றரை மீற்றர்.

ஒரு சனிக்கிழமை அண்ணை தேத்தண்ணிக் கோப்பையோடு என் கராஜுக்குள் வந்தார். கோப்பையைக் கீழே வைத்துவிட்டு வண்டியின் இடப்பக்க முன் மூலையை இரண்டு கையாலும் பிடித்து முழுப் பாரத்தையும் போட்டு அமத்தினார்.

"இஞ்சை அமத்திறன். நீர் அங்காலைப் பக்கத்தைப் பாரும்."

பார்த்தேன். வலப்பக்க மட்கார்டில் ஒரு அசைவும் இல்லை.

"ஒண்டும் நடக்கேல்லை அண்ணை."

"அதுதான் வருத்தம். இந்தப் பக்கம் அமிழேக்கை அந்தப் பக்கத்தையும் இழுத்து அமத்தத்தான் ரெண்டுக்கும் நடுவிலை கம்பி போட்டிருக்கிறான். இது கம்பியே தம்பி? ஈர்க்கு!"

அந்த 'ஈர்க்கு' என்ற சொல்லைக் கேட்டதில்தான் என் பணப்பையின் வாய் திறந்தது.

ஸ்வே பார் என்பது ஒரு வளைந்த ஸ்பிரிங் உருக்குக் கம்பி. நடுப்பகுதியை இரண்டு பிடிகள் சட்டத்தோடு பிடித்திருக்கும். இரண்டு முனையும் சின்ன இணைப்புத் தண்டுகளால் இடது, வலது கீழ்க்கைகளோடு சேர்ந்திருக்கும். இரண்டு சில்லும் ஒன்றாக ஏறி இறங்கினால் கம்பி பிடிக்குள் சும்மா உருளும். அதற்கு வேலையே இல்லை. ஒன்று ஏறி மற்றது ஏறாமல் நின்றால் கம்பி முறுகும், முறுகலுக்கு எதிர்த்து நிற்கும். முடக்கில் நடப்பது இதுதான். இதில் உள்ள மாயம் தடிப்பில் இருக்கிறது. கம்பியின் முறுகல் விறைப்பு அதன் விட்டத்தின் நாலாம் அடுக்கோடு கூடும். விட்டம் பத்து வீதம் கூடினால் விறைப்பு 46 வீதம் கூடும். கால் பங்கு தடிப்புக் கூடினால் விறைப்பு ஏறக்குறைய இரண்டரை மடங்கு. கண்ணுக்குச் சுண்டுவிரல் போலத்தான் இரண்டு கம்பியும் தெரியும். முறுக்கிப் பார்த்தால்தான் ஒன்று ஈர்க்கு, மற்றது உலக்கை.

இதிலே எனக்குத் தலைகால் புரியாத மகிழ்ச்சி தந்த இன்னொரு சங்கதி இருக்கிறது. காரில் முன்பக்கம் மட்டும் தடித்த கம்பி போட்டால் கார் முடக்கில் முன்பக்கம் வெளியே தள்ளத் தொடங்கும். ஏனென்றால் சரிவைத் தாங்கும் வேலையை முன்னும் பின்னும் பங்கு போடுகின்றன. முன்பக்கம் கூடத் தாங்கினால் முன்வெளிச் சில்லுக்குப் பாரம் கூடிப் பிடி குறையும். ஸ்பைடருக்குப் பின்னால் ஒரே ஒரு சில்லு. ஒற்றைக் காலில் நிற்பவன் பக்கச் சரிவுக்கு என்ன தாங்குவான்? முழுப் பாரமும் எப்படியும் முன்பக்கத்தின் தலையில்தான். ஆகவே தடித்த கம்பி போட்டாலும் சில்லுகளுக்கிடையில் பாரம் பங்குபடுகிற அளவு பெரிதாக மாறாது. வண்டி சரிகிற அளவும், சரிந்துபோய் நிற்க எடுக்கிற நேரமும்தான் குறையும். காரில் ஒரு கையால் கொடுத்து மறு கையால் பறிக்கிற வியாபாரம், இங்கே கொடுப்பனவு மட்டும்! இதைக் கண்டுபிடித்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை. மனைவியை எழுப்பிச் சொன்னேன். அவள் சொன்னதை இங்கே எழுத முடியாது.

கம்பி சில நூறு டொலர். தபாலில் வந்தது. பூட்டுவது லேசு என்று படித்திருந்தேன். லேசுதான், வண்டியின் முன்பக்கத்துப் பிளாஸ்ரிக் தகடுகளைக் கழற்றுகிற மட்டும். ஸ்பைடர்க்காரர்கள் அந்தத் தகடுகளை 'டப்பவேர்' என்றுதான் சொல்வார்கள். கழற்றி அடுக்கினால் கராஜ் நிலம் முழுக்க மாமியின் குசினி அலுமாரி கவிழ்ந்ததுபோல. எந்தத் திருகாணி எங்கே என்று முட்டைப் பெட்டியில் குழி குழியாகப் போட்டு வைத்தேன். அதைச் செய்யாதவர்கள் பிறகு ஐந்து திருகாணி மிச்சம் வைத்துக்கொண்டு கடவுளை நினைப்பார்கள்.

பழைய கம்பியைக் கழற்றி, பிடிகளின் உட்பக்கத்துக்கு கிறீஸ் பூசி, புதியதை வைத்து, இணைப்புத் தண்டுகளை இறுக்கி, இரவு பதினொரு மணிக்கு வெற்றி முழக்கம் இட்டேன். காலையில் பார்த்தால் வண்டி ஒரு தோளைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது, சுளுக்கு வந்தவன் மாதிரி. அண்ணை வந்து பார்த்தார். ஒரு கேள்விதான் கேட்டார்.

"இறுக்கேக்கை ரெண்டு சில்லும் நிலத்திலையோ இருந்தது?"

இல்லை. இடப்பக்கம் ஜக்கில், வலப்பக்கம் நிலத்தில். அந்தக் கோணலிலேயே தண்டுகளை இறுக்கினதால் கம்பி சும்மா நிற்கும்போதே முறுகி நின்றது. இரண்டு முன்சில்லையும் ஒரே உயரப் பலகையில் ஏற்றி, தண்டுகளைத் தளர்த்தினேன். கம்பி 'டொங்' என்று ஒரு சத்தம் போட்டுத் தன் நிலைக்கு வந்தது. பிறகு இறுக்கினேன். இதைச் செய்யப் போகிறவர்கள் இந்தப் பந்தியை மட்டுமாவது வெட்டிக் கராஜ் சுவரில் ஒட்டுங்கள்.

அண்ணை மறுபடியும் இடது மூலையை அமத்தினார். வலது மட்கார்ட் தலை குனிந்தது. அவர் ஒன்றும் பேசவில்லை. கோப்பையை எடுத்து ஒரு மிடறு குடித்தார்.

இனி அந்த முதல் ஓட்டம். அதே 401 வட்டப் பாதை. உள்ளே நுழையும்போது பழைய பயத்தில் முழங்கால் இரண்டும் பெற்றோல் தாங்கியை நெரித்தன, கை கைப்பிடியை நெரித்தது. திருப்பினேன். வண்டி திரும்பியது. அவ்வளவுதான். தோள் அமிழவில்லை, மறுபக்கம் கிளம்பவில்லை, நான் வழுக்கவில்லை. இடப்பக்கத்துக் கண்ணாடிக்கும் தூரத்து வேலிக்கும் இடையில் எப்போதும் ஒரு சரிவு தெரியும். இப்போது இரண்டும் ஒரே கோட்டில். பாதி வளைவில் என் கை தானாகத் தளர்ந்ததைக் கவனித்தேன். தொங்குகிற வேலை இல்லாதபோது கைக்குத் திருப்புகிற வேலை மட்டும்தானே. கை தளர, முன்னர் நானே கைப்பிடியை இழுத்து இழுத்து உண்டாக்கிய நெளிவும் இல்லாமல் போனது. ஆயா வரவில்லை. வருவாள் வருவாள் என்று பார்த்தேன், வரவேயில்லை! அடுத்த எக்ஸிற்றில் இறங்கித் திரும்பி வந்து அதே வட்டத்தை இன்னொரு தரம் எடுத்தேன். பெற்றோல் விலையைப் பற்றி அன்று நான் நினைக்கவில்லை.

கணக்கையும் சொல்லத்தான் வேண்டும், இல்லாவிட்டால் இது வெறும் புளுகு ஆகிவிடும். 100 மீற்றர் ஆரையுள்ள ஒரு முடக்கை 80 கிலோமீற்றர் வேகத்தில் எடுத்தால் பக்கவாட்டில் இழுக்கிற விசை புவியீர்ப்பின் பாதி. நானும் பெற்றோலும் சேர்த்து வண்டி 480 கிலோ என்றால் 240 கிலோ அளவில் ஒரு இழுப்பு வெளியே இழுக்கிறது. மூன்று ஆட்கள் பக்கத்தில் நின்று கயிறு கட்டி இழுப்பது மாதிரி. வேகம் 90 ஆனால் அந்த இழுப்புக் கால் பங்குக்கும் மேலாகக் கூடிவிடும். கம்பி இந்த இழுப்பைக் குறைக்காது. அந்த மூன்று பேரும் இழுத்துக்கொண்டேதான் இருப்பார்கள். வண்டி அவர்களுக்குத் தலைசாய்க்காமல் நிற்கிறது, அதுதான் வித்தியாசம். இது ஒரு ஆபத்தும்கூட. முன்னர் சரிவு 'போதும், போதும்' என்று கத்தும்; இப்போது வண்டி அமைதியாக இருக்கிறது, உள்சில்லு எவ்வளவு லேசாகிவிட்டது என்பது இருக்கைக்குத் தெரிவதில்லை. நான் வேகக்காட்டியைப் பார்க்கப் பழகிக்கொண்டேன்.

கம்பியோடு நிறுத்தியிருக்கலாம். நிறைய ஸ்பைடர்க்காரர் அங்கே நிறுத்துகிறார்கள், அதிலே ஒரு குறையுமில்லை. கையில் இருக்கிற காசுக்கு ஒன்றே ஒன்றுதான் செய்யலாம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு கம்பியைப் போடுங்கள். ஆனால் ஆசை யாரை விட்டது.

ஷொக்குகளுக்கு ஆயிரம் டொலருக்கு மேலே போனது. மூன்று கோடையாகச் செலவுக் கணக்கை மனைவிக்குத் தவணை முறையில் அறிவித்தேன். கியூபெக்கிலேயே செய்கிற எல்கா ஷொக். வண்டியும் கியூபெக், ஷொக்கும் கியூபெக், சம்பந்தம் பொருத்தம். பெட்டியைத் திறந்தபோது அந்த ஸ்பிரிங்குகளின் மினுக்கம்! ஒரு கிழமை வரவேற்பறையில் வைத்திருந்தேன், பிறகுதான் பூட்ட மனம் வந்தது.

பூட்டினவுடன் முதலில் அளந்தது அமிழ்வை. எஃப்3யின் முன்சில்லு மேலும் கீழும் போகக்கூடிய முழுத்தூரம் 129 மில்லிமீற்றர். நான் உடுப்பு, சப்பாத்து, ஹெல்மெட் சகிதம் ஏறி இருக்கும்போது அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அமிழ வேண்டும். மிச்சம் மேட்டை விழுங்க. அமிழ்ந்திருப்பது குழியில் இறங்கிப் பிடிக்க. நான் வளையம் போட்டுச் செய்த கூத்தில் அமிழ்வே இல்லாமல் போனதால் குழி வரும்போது சில்லுக்கு இறங்க இடமில்லை. ஒவ்வொரு குழியிலும் 'டக்' என்று அந்தரத்தில் தொங்கியது. இந்த முறை மனைவி மட்டத்தடி பிடிக்க, நான் ஏறி இருக்க, மகன் எண்ணை வாசிக்க, முழுக்குடும்பமும் கராஜில். நாற்பது மில்லிமீற்றருக்கு வந்ததும் பிரீலோட் வளையத்தைப் பூட்டினோம். பிரீலோட்டின் சரியான உபயோகம் இதுதான். ஒரு மாதம் தலைகீழாய்ப் பாவித்தவன் சொல்கிறேன்.

பிறகு ரீபவுண்ட். அமுங்கின ஸ்பிரிங் எவ்வளவு வேகமாய்த் திரும்பி எழும்பலாம் என்பதை ஷொக்கின் அடியில் உள்ள ஒரு சின்னக் குமிழ் முடிவு செய்யும். ஒரு கிளிக், இரண்டு கிளிக் என்று எண்ணி எண்ணித் திருப்ப வேண்டும். கனடாத் தெருவுக்கு இது உயிர்நாடி. இங்கே குளிர்காலத்தில் நிலத்தடி நீர் உறைந்து வீதியை வயிறு ஊதினதுபோல் தூக்கிவிடும். வசந்தத்தில் ஓடினால் அடுத்தடுத்து நாலு மேடு வரும். ரீபவுண்ட் மந்தமாக இருந்தால் முதல் மேட்டில் அமுங்கினது எழும்ப முன்னம் இரண்டாம் மேடு, அது எழும்ப முன்னம் மூன்றாவது. நாலாம் மேட்டில் மூக்கு நிலத்தோடு. கூட வேகமாய் வைத்தால் மேட்டைத் தாண்டி வண்டி குதிரைக்குட்டி மாதிரித் துள்ளும். நான் ஒரே வீதியில், ஒரே வேகத்தில், ஒரு தடவைக்கு ஒரு கிளிக் மட்டும் மாற்றி, கையில் கொப்பி வைத்துக் குறித்து ஒரு பின்னேரம் முழுக்க ஓடினேன். அந்தத் தெருச் சனம் ஜன்னல் சீலையை விலக்கிப் பார்க்கத் தொடங்கிவிட்டது. கடைசியில் கடை விட்ட இடத்திலிருந்து இரண்டு கிளிக் வேகமாய் நின்றது. இரண்டே இரண்டு கிளிக்! அதற்குள் இருக்கிற சுகத்தை எப்படிச் சொல்வது? மேட்டில் ஏறும், இறங்கும், முடியும். அதற்குப் பிறகு அந்த மேட்டின் ஞாபகம்கூட வண்டிக்கு இராது.

சில்லுகளின் முகம் பற்றி. உயரம் மாறினால் முன்சில்லுகள் பார்க்கிற திசையும் மயிரிழை மாறும். இரண்டு சில்லும் மிகக் கொஞ்சம் உள்முகமாய் இருந்தால் நெடுஞ்சாலையில் வண்டி நேரே போகும். வெளிமுகமாய்ப் போனால் மணம் பிடிக்கிற நாய்போல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அலையும். என்னுடையது அலைந்தது. ஒரு கடையில் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணால் பார்த்துவிட்டு, 'எல்லாம் சரி' என்று சொல்லி, அதற்கும் காசு வாங்கினார்கள். பிறகு லேசர் கட்டிப் பார்க்கிற ஒருவரிடம் போனேன். வலப்பக்கம் வெளிமுகம். சில்லைத் திருப்புகிற தண்டில் அரைச் சுற்றும் இல்லை, அதற்கும் குறைவாய்த் திருப்பினார். வீட்டுக்கு வரும் வழியில் கைப்பிடியை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு வந்தேன். கம்பிக்கும் ஷொக்குக்கும் செலவழித்த பிறகு இந்தக் கடைசி வேலையைச் செய்யாமல் விட்டால், பொங்கலுக்கு எல்லாம் வாங்கிச் சர்க்கரையை மறந்த கதை.

ரயருக்கு அதிகம் சொல்ல இல்லை. முன் ரயர் 165/55, 15 அங்குலம். காருடையதுபோல் தட்டையான முகம், ஆனால் சுமக்கிற பாரம் குறைவு, அதனால் காற்றும் காரைவிட மிகக் குறைய. கார் ஞாபகத்தில் முப்பது அடித்துவிட்டு 'வண்டி பந்து மாதிரித் துள்ளுகிறது' என்று அழுகிறவர்களைக் கண்டிருக்கிறேன். வண்டியில் ஒட்டியிருக்கும் தாளை வாசியுங்கள்.

குறை இல்லாமல் இல்லை. தடித்த கம்பி இரண்டு சில்லையும் சகோதரங்களாக்கிவிடுவதால் ஒன்று குழியில் விழுந்தால் மற்றதும் கூடவே தலையை ஆட்டும். ஸ்காபரோவில் மார்ச் மாதக் குழிகளில் என் கழுத்து பரதம் ஆடும். மனைவிக்கு இதுதான் இப்போதைய முறைப்பாடு. ஆம், பின்னால் ஏறிவிட்டாள். ஏறினது என் கணக்குகளை நம்பி இல்லை. அண்ணை, "பிள்ளை, இப்ப பயமில்லாமல் இருக்கலாம்" என்று சொன்னதை நம்பி.

ஜூன் மாதத்தில் 507ஆம் இலக்க வீதிக்குப் போனோம். கவார்த்தா ஏரிகளின் பக்கம், பக்ஹோர்னுக்கு மேலே தொடங்கி குடர்ஹாமில் முடிகிற வீதி; காடும் பாறையும் நடுவே, ஒரு முடக்கு முடிய முன்னம் அடுத்தது. இந்த வீதியில்தான் மூன்று கோடைக்கு முன் சாதாரண மோட்டார் சைக்கிள்காரர் ஒவ்வொருவரும் என்னைக் கடந்து போகும்போது இரக்கத்தோடு கையசைத்தார்கள். இடம், வலம், இடம். முன்னர் இந்த மாறி மாறி வருகிற முடக்குகளில்தான் என் வண்டி உயிரை வாங்கும். ஒரு பக்கச் சரிவு தீர முன்னம் மறுபக்கம் சரிய வேண்டும், இடையில் ஒரு கணம் வண்டி என்ன செய்கிறது என்று அதற்கே தெரியாது. இப்போது இடம் என்றால் இடம், வலம் என்றால் வலம். கைப்பிடியில் நினைத்ததும் முன்சில்லில் நடக்கிறது. நான் உடம்பை மட்டும் கொஞ்சம் உள்ளே சரித்துக் கொடுக்கிறேன், ஸ்கி-டூக்காரன் பனியில் செய்கிறதுபோல. வெயில் பைன் மரங்களுக்கூடாகக் கீலம் கீலமாய் வீதியில் விழுந்து கிடக்க, ஒவ்வொரு கீலத்தையும் தாண்டும்போது முன்பக்க மட்கார்ட் இரண்டும் ஒரே மட்டத்தில் மினுங்கிப் போனதை நான் எத்தனை வயதானாலும் மறக்கமாட்டேன்.

பின்னால் இருந்தவள் என் முதுகில் தட்டினாள். நிற்பாட்டச் சொல்கிறாளாக்கும் என்று வேகத்தைக் குறைத்தேன்.

"ஏன் குறைக்கிறீங்கள்?" என்றாள்.

குடர்ஹாமில் வீதி முடிந்தது. வண்டியைத் திருப்பினேன்.